ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சட்டம் படிக்க என்ன வழி?



நம்ம பக்கம் பிளஸ் டூ முடிச்சா இரண்டு வழிதான் பேசுவாங்க. நல்ல மார்க் என்றால் இன்ஜினியரிங், இல்லாவிட்டால் சிப்காட் கம்பெனி. வக்கீல் படிப்பு என்று வாயைத் திறந்தால், "அதுக்குப் பணம் வேணும், வீட்ல ஏற்கெனவே ஒரு வக்கீல் இருக்கணும்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இது எவ்வளவு உண்மை என்று விசாரித்துப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன். காமர்ஸ், ஆர்ட்ஸ், சயின்ஸ் எந்த குரூப்பாக இருந்தாலும் சட்டம் படிக்கலாம் என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

1. எதற்காகச் சட்டம்?

எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்கு பவர் பிரஸ்ஸில் இரண்டு விரல் போய்விட்டது. "நீ எங்க ஆள் இல்ல, கான்ட்ராக்டர் ஆள்" என்று கம்பெனியில் கை விரித்துவிட்டார்கள். கான்ட்ராக்டர் போனையே எடுக்கவில்லை. யாரைக் கேட்பது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கம்பெனி தன் வழக்கமான வேலையைக் கான்ட்ராக்டர் ஆளை வைத்துச் செய்தாலும், விபத்து நஷ்டஈட்டுக்கு அந்தக் கம்பெனியும் பொறுப்பு என்று 1923-ம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. இ.எஸ்.ஐ. இருந்தால் அதன் மூலம் உதவி உண்டு. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். சட்டம் இருந்தது, அதை எடுத்துச் சொல்லத்தான் அந்தத் தெருவில் ஆள் இல்லை.

இப்போது இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 29 தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து உருவாக்கிய 4 சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தன. கம்பெனிகள் நிறைந்த நம்ம ஊருக்கு இதைப் படித்துச் சொல்லும் ஆட்கள் நிறையப் பேர் தேவை.

2. தொரப்பள்ளிக்காரர் போன வழி

ராஜாஜி பிறந்தது ஓசூர் அருகே தொரப்பள்ளியில், 1878 டிசம்பர் 10. ஓசூரில் பள்ளிப்படிப்பு. பிறகு பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பட்டம். பிறகு சென்னைக்குப் போய் மாநிலக் கல்லூரியில் சட்டம். 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். பெங்களூருவா, தமிழ்நாடா என்று நாம் இன்று குழம்புகிறோம். நம்ம ஊர்க்காரர் ஒருவர் அன்றே இரண்டையும் பயன்படுத்திக்கொண்டார்.

3. ஐந்து வருடமா, மூன்று வருடமா?

பிளஸ் டூ முடித்தவுடன் சேர்ந்தால் 5 வருடம். பி.ஏ., எல்.எல்.பி. போல இரண்டு பட்டம் சேர்ந்தே வரும். முதலில் ஏதாவது ஒரு டிகிரி முடித்துவிட்டுச் சேர்ந்தால் சட்டம் 3 வருடம். ராஜாஜி போனது இந்த இரண்டாவது வழி. கணக்குப் பார்த்தால் 5 வருடப் படிப்பில் ஒரு வருடம் மிச்சம். ஆனால் வக்கீல் தொழில்தானா என்று மனசு இன்னும் தெளியாதவர்கள் டிகிரி முடித்துவிட்டு முடிவு செய்வதில் தப்பில்லை. பத்தாவது முடிக்கப் போகும் தம்பி தங்கைகள் கவனிக்க: 5 வருடச் சட்டப் படிப்புக்குப் பிளஸ் டூ வேண்டும்.

4. தமிழ்நாட்டில் சேர்வது எப்படி?

நம்ம மாநிலத்தில் சட்டத்துக்கென்றே டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் 1997 முதல் சென்னையில் இயங்குகிறது. அரசு சட்டக் கல்லூரிகள் இதன் கீழ் வருகின்றன. இவற்றில் 5 வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்கை வைத்து ரேங்க் போட்டு, 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி கவுன்சிலிங் நடத்துகிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தை ஒட்டி விண்ணப்பம் வரும். அந்த நேரத்தில் அசந்துவிடக் கூடாது.

பார் கவுன்சில் விதிப்படி குறைந்தபட்ச மார்க்: பொதுப் பிரிவு 45 சதவீதம், ஓ.பி.சி. 42, எஸ்.சி., எஸ்.டி. 40. இது விண்ணப்பம் போடத்தான். சீட் கிடைக்கும் கட்-ஆஃப் அதைவிட மேலே இருக்கும். பல்கலைக்கழகமே சென்னையில் நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியில் ஹானர்ஸ் படிப்பு இருக்கிறது. அங்கே இன்னும் நல்ல மார்க் வேண்டும்.

நமக்குப் பக்கம் தர்மபுரி அரசு சட்டக் கல்லூரி. 2017-ல் தொடங்கியது. சேலம், நாமக்கல் அரசு சட்டக் கல்லூரிகள் 2019-ல் வந்தவை. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தர்மபுரிக்கு ரயிலே இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு பஸ்தான், சுமார் 45 கி.மீ.

5. பெங்களூரு வழி: கிளாட் தேர்வு

பெங்களூரு நாகரபாவியில் இருக்கும் தேசிய சட்டப் பள்ளி 1987-ல் உருவானது. நாட்டின் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் முதலாவது இதுதான். நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இதற்கும், திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 120 கேள்வி, 2 மணி நேரம். தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். ஆங்கிலம், நாட்டு நடப்பு, சட்டச் சிந்தனை, தர்க்கம், அடிப்படைக் கணக்கு என 5 பகுதிகள். பெரும்பாலும் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்பார்கள். எனவே தமிழ் மீடியம் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே தினமும் ஒரு ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரையாவது வாசிக்க வேண்டும்.

தேர்வு இப்போதெல்லாம் டிசம்பரில் நடக்கிறது. அதாவது பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு சமயம். பொதுத்தேர்வு முடிந்த பிறகு யோசித்தால் அந்த வருடம் போச்சு.

பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் 25 சதவீதம் கர்நாடக மாணவர்களுக்கு. பத்து வருடமாவது கர்நாடகத்தில் படித்தவர்களுக்குத்தான் அது. ஜூஜுவாடி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் படித்த நாம் அகில இந்தியப் பட்டியலில்தான் போட்டியிட வேண்டும்.

6. எல்லை தாண்டும் முன் பாருங்கள்

பெங்களூருவில் தனியார் சட்டக் கல்லூரிகள் பல உண்டு. அங்கே படித்தாலும் தமிழ்நாட்டில் வக்கீலாகப் பதியலாம். ஆனால் அந்தக் கல்லூரிக்கு இந்திய பார் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும். "கிளாஸுக்கே வர வேணாம், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதிகள் 70 சதவீத வருகை கேட்கின்றன.

7. பணம்

இதுதான் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, தொழிற்கல்வியில் 7.5 சதவீத முன்னுரிமை இடம் தர 2021-ல் சட்டம் வந்தது. இன்ஜினியரிங் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப் படிப்பும் அதில் சேரும்! அப்படிச் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அதே ஆண்டில் அறிவித்தார்கள். மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின.

படிப்பு முடிந்து வக்கீலாகப் பதியும்போது முன்பெல்லாம் பல ஆயிரம் வாங்கினார்கள். 2024 ஜூலை 30 அன்று சுப்ரீம் கோர்ட், பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

8. முடித்த பிறகு

பதிவு செய்த பின் அகில இந்திய பார் தேர்வில் பாஸ் ஆக வேண்டும். நீதிபதி ஆக ஆசை என்றால், சிவில் நீதிபதி தேர்வு எழுத 3 வருடம் வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. முதல் சில வருடம் ஜூனியராக இருக்கும்போது வருமானம் குறைவு. இதையும் வீட்டில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நமக்கு ஒரு பலம் இருக்கிறது. நம்மில் பலர் வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், பள்ளியில் தமிழ், பக்கத்து வீட்டில் உருது. மாவட்ட அளவிலான கோர்ட்டுகளின் மொழி தமிழ் என்று 1976-ல் சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் கோர்ட்டுக்கு வரும் தேன்கனிக்கோட்டைப் பாட்டி தன் கஷ்டத்தைத் தெலுங்கிலோ கன்னடத்திலோதான் சொல்லுவார். அதைக் கேட்டுத் தமிழில் மனு எழுத நம்மால் முடியும்.

நினைவில் வைக்க:
• ஆகஸ்ட் முதல் கிளாட் அறிவிப்பைக் கவனிக்கவும்.
• சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த சான்று ஆகியவற்றை முன்பே எடுத்து வைக்கவும்.
• ரிசல்ட் வரும் வாரமே சட்டப் பல்கலைக்கழக அறிவிப்பைப் பார்க்கவும்.

நான் கிளாட் எழுதப் போகிறேன். கிடைக்காவிட்டால் தர்மபுரிதான் என் முதல் விருப்பம். அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. "சரி, படி" என்றார். உங்களில் யாருக்காவது ஆசை இருந்தால் மதிய இடைவேளையில் நூலகத்துக்கு வாங்க. பழைய கேள்வித்தாளைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.



— பன்னிரண்டாம் வகுப்பு, வணிகவியல் பிரிவு மாணவி