வீட்டுப் பிளானில் அப்பத்தாவுக்கு எங்கே இடம்?

(அமைப்பியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவி)



சிவில் படிக்கிற நம்மைப் பார்த்தால் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி என்ன? "எங்களுக்கு ஒரு வீட்டுப் பிளான் போட்டுத் தர்றியா?" என்பதுதான். என்னிடம் அந்தக் கேள்வியை எங்கள் அப்பாவே கேட்டார்.

அப்பா கொத்தனார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மதுரையைச் சுற்றி ஊராருக்கு வீடு கட்டுகிறார். நாங்கள் இருப்பது என்னவோ வாடகை வீடுதான். சீட்டுப் போட்டு, அம்மா நகையை வைத்து, ஒருவழியாக ஒரு மனை வாங்கினார்கள். 30-க்கு 40, அதாவது 1200 சதுர அடி, ரெண்டே முக்கால் சென்ட். வடக்குப் பார்த்த மனை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். "அடுத்தவன் போட்ட பிளானைத்தான் இத்தனை நாளா கட்டினேன். நம்ம வீட்டுக்கு நீ போடு ஆத்தா" என்று அப்பா சொன்னபோது, பரீட்சையில் முதல் மார்க் வாங்கினதுபோல இருந்தது. ஆனால் அந்தப் பரீட்சையில் நான் முதலில் பெயிலாகிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அப்பத்தா ஏன் அவசரமாகக் கிளம்பியது?

தாத்தாவும் அப்பத்தாவும் சிவகங்கைப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள். எங்களோடு நிரந்தரமாக வந்து இருக்கமாட்டார்கள். ஆடு இருக்கிறது, கொஞ்சம் காடு இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு வாரம், கண் ஆஸ்பத்திரிக்கு நாலு நாள், அடைமழைக் காலத்தில் ஒரு மாதம் என்று வந்து போவார்கள்.

2024 சித்திரைத் திருவிழாவுக்கு வந்தார்கள். ஒரு வாரம் இருப்பதாகச் சொன்ன அப்பத்தா நாலாம் நாளே, "ஆடு கத்திக்கிட்டுக் கெடக்கும்" என்று பையைத் தூக்கிவிட்டது. ஊருக்குப் போய் இரண்டு நாளில் நீர்க்கடுப்பு, காய்ச்சல். ஊசி போடக் கூட்டிப்போன தாத்தாதான் பிறகு விஷயத்தைச் சொன்னார். எங்கள் வாடகை வீட்டில் கழிவறை கொல்லைப்பக்கம். ராத்திரி போகவேண்டுமென்றால் ஹாலில் படுத்திருக்கும் என்னையும் தம்பியையும் தங்கச்சியையும் தாண்டி, பின்கதவைத் திறந்து, இரண்டு படி இறங்க வேண்டும். எங்களை எழுப்பக் கூடாது என்று அப்பத்தா சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டதாம். சித்திரை வெயிலில்! எங்களுக்கு யாருக்கும் தெரியவில்லை.

நான் போட்ட முதல் பிளான்

புது வீட்டில் அவர்களுக்கு ஓர் அறை கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்தேன். கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து ஆட்டோகேடில் வரைந்தேன். வயதானவர்களுக்கு அமைதி வேண்டுமே என்று ஹாலுக்குப் பின்னால், சமையலறைக்குப் பக்கத்தில் அறை வைத்து 'கெஸ்ட் ரூம்' என்று எழுதினேன். கழிவறையை முன்பக்கம் வடமேற்கு மூலையில் வைத்தேன். மனையடி பார்க்கிற பெரியப்பாவும் வாயு மூலையில் வரலாம் என்றார். அளவெல்லாம் சரி. சாரும் 'குட்' போட்டார்.

அடுத்த தடவை அப்பத்தா வந்தபோது தாளைக் காட்டினேன். அது தாளை வெறுமனே தடவிப் பார்த்தது. அப்பாதான், "அதுக்குத் தாள் தெரியாது. மனையில போட்டுக் காட்டுவோம் வா" என்றார். கயிறு பிடித்து, மூலைமட்டம் வைத்து, சுண்ணாம்புப் பொடியால் அறை அறையாக முழு அளவில் கோடு போட்டோம். "நீ ராத்திரி எந்திரிச்சுப் போற மாதிரி நடந்து காட்டு அப்பத்தா" என்றேன். அறைக் கோட்டைத் தாண்டி ஹாலுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"இந்த எடத்துலதான தாயி உன் தம்பி படுத்திருப்பான்? இருட்டுல அவன் காலை மிதிச்சுப்புட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. கொல்லைப்பக்கம் இருந்த கழிவறையை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். ஆனால் அப்பத்தாவின் பயத்தை அப்படியே பழைய இடத்தில் வைத்துவிட்டேன்!

அன்றைக்கு நான் கற்றது இதுதான்: வந்து போகிற பெரியவர்களுக்கு அறையை முதலில் வரையாதீர்கள். அவர்கள் ராத்திரி நடக்கிற வழியை முதலில் வரையுங்கள். அறை தானாக அதன் இடத்துக்கு வந்துவிடும்.

இரண்டாவது பிளான்

இப்போது பேப்பர், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் இடம் விட்டது போக, கட்டிடம் 24 அடி அகலம், 29 அடி நீளம். நடுவில் ஒரு கோடு போட்டு மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரியுங்கள். உள் அளவில் இரண்டும் 11 அடி அகலம் வரும். வெளிச்சுவர் 9 அங்குலம், உள்சுவர் நாலரை அங்குலம்.

மேற்குப் பக்கம், முன்னாலிருந்து பின்னால்: பெரியவர்கள் அறை 11-க்கு 10. அடுத்து 5 அடி அகலப் பட்டை. அதில் குளியலறையும் கழிவறையும் சேர்ந்து 7-க்கு 5, மிச்சம் மூன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு நடை. கடைசியில் அப்பா அம்மா அறை 11-க்கு 11½.

கிழக்குப் பக்கம்: முன்னால் திண்ணை 11-க்கு 5, ஹால் 11-க்கு 14, பின்னால் அக்னி மூலையில் சமையலறை 11-க்கு 8.

பெரியவர்கள் அறைக் கதவு, அப்பா அம்மா அறைக் கதவு, கழிவறைக் கதவு மூன்றும் அந்தச் சின்ன நடையில்தான் திறக்கும். நடையின் கிழக்கு முனை ஹாலோடு சேரும். கட்டிலிலிருந்து கழிவறைக்குப் பத்து அடிக்குள்தான். ஹாலில் கால் வைக்க வேண்டாம். மற்றவர்களும் அவர்கள் அறைக்குள் நுழையாமல் கழிவறைக்குப் போகலாம். அறைக்குள்ளேயே தனியாக ஒரு கழிவறை கட்ட எங்களுக்கு வசதி இல்லை. அந்தக் குறையை இந்த நடை தீர்த்துவிட்டது.

பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போமா? தேசிய கட்டிட விதித் தொகுப்பு, 2016 பதிப்பின்படி ஒரு வீட்டின் பெரிய வசிக்கும் அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டர் இருக்கவேண்டும். அதாவது சுமார் 102 சதுர அடி. நம் பெரியவர்கள் அறை 110 சதுர அடி. குளியலும் கழிவறையும் சேர்ந்ததற்குக் குறைந்தபட்சம் 2.8 சதுர மீட்டர், சுமார் 30 சதுர அடி. நம்முடையது 35. ஆக, சின்ன மனையிலும் விதி இடிக்கவில்லை.

கழிவறையில் கவனிக்க வேண்டியவை

1. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது மயங்கிக் கதவோரம் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் இன்னும் நல்லது.

2. கழிவறைக்கு வழக்கமாக இரண்டரை அடி நிலைதான் வைக்கிறார்கள். கைத்தாங்கலாக ஒருவரைக் கூட்டிப்போக அது பத்தாது. உள் அகலம் 3 அடி கிடைக்கிற மாதிரி நிலை வையுங்கள்.

3. தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு தடுப்பு கட்டுவார்கள். பெரியவர்கள் தடுக்கி விழுவது அதில்தான். உயர வித்தியாசம் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தரையில் வாட்டம் சரியாகக் கொடுத்தால் தண்ணீர் தானாக மூலைக்குப் போகும். "வாட்டம் கொடுக்கத் தெரியாதவன்தான் கல்லு வச்சுக் கட்டுவான்" என்பது எங்கள் அப்பா பாடம்.

4. முட்டி வலி உள்ளவர்கள் குந்தி எழுவது சிரமம். வெஸ்டர்ன் பீங்கான் வைக்கும்போது இருக்கை உயரம் 18, 19 அங்குலம் வருகிற மாதிரி பாருங்கள். பக்கச் சுவரில், இருக்கையிலிருந்து 8 முதல் 10 அங்குலம் மேலே ஒரு கைப்பிடி. ஆள் பாரம் முழுவதும் அதில் விழும். அதனால் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே இடம் குறித்து, கெட்டியான சுவரில் மாட்ட வேண்டும். துண்டு போடுகிற கம்பியில் பிடித்து எழுந்தால் கம்பியோடு வந்துவிடும்!

5. வழவழ டைல்ஸ் அழகுதான். ஈரத்தில் அது எமன். சொரசொரப்பான டைல்ஸ் போடுங்கள்.

இந்த இடத்தில் எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மாடிப்படி வயரிங் என்று லேபில் செய்தீர்களே, அதே டூ-வே சுவிட்ச் இங்கேயும் வேண்டும். நடை விளக்கைக் கட்டிலில் படுத்தபடியும் போடலாம், கழிவறை வாசலிலும் அணைக்கலாம். இருட்டில் சுவரைத் தடவுகிற வேலை இல்லை.

ஜன்னலும் வாசலும்

பகலில் பெரியவர்களுக்கு என்ன வேண்டும் என்பதிலும் நான் தப்புக்கணக்கு போட்டிருந்தேன். நான் 'அமைதி' என்று நினைத்தேன். அப்பத்தா கேட்டதோ, "தெருவுல யாரு போறா வர்றான்னு தெரியணும் தாயி." ஊரில் நாள் முழுக்க நாலு பேரோடு பேசிப் பழகியவர்களைப் பின்னறையில் வைப்பது தண்டனை மாதிரி. அதனால்தான் அறை முன்பக்கம் வந்தது. தெருப் பக்க ஜன்னலின் அடிமட்டத்தை 3 அடிக்குப் பதில் 2 அடியாக இறக்கினேன். கட்டிலில் உட்கார்ந்தாலே தெரு தெரியும். கம்பி மட்டும் கெட்டியாக இருக்கவேண்டும்.

தாத்தாவுக்குத் திண்ணை. 18 அங்குல உயரம், இரண்டரை அடி அகல மேடை. காலைத் தொங்கப்போடலாம், மத்தியானம் சாயலாம்.

பேஸ்மட்டத்தை எல்லாரும் பந்தயம் வைத்து உயர்த்துகிறார்கள். விதித் தொகுப்பு கேட்பது 450 மில்லிமீட்டர்தான், அதாவது ஒன்றரை அடி. எங்கள் தெருவில் தண்ணீர் தேங்குவதில்லை, அதனால் ஒன்றரை அடியே போதும் என்று முடிவு செய்தோம். 6 அங்குல உயரத்தில் மூன்றே படி. மிதிப்பலகை 12 அங்குலம், ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி. சரிவுப் பாதை வேண்டுமென்றால் 1-க்கு 12 கணக்கில் 18 அடி நீளம் வேண்டும். முன்பக்கம் அவ்வளவு இடம் இல்லை. பின்னால் தேவைப்பட்டால் பக்கச் சந்தில் போட்டுக்கொள்ளலாம் என்று அந்த இடத்தில் குழாய் எதுவும் புதைக்காமல் விட்டிருக்கிறோம்.

அவர்கள் இல்லாத நாளில்?

வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் காலியாக இருக்கும் அறையை நம்மைப் போன்ற குடும்பம் சும்மா விட முடியாது. அது எங்கள் மூன்று பேருக்கும் படிக்கிற அறை. சுவரில் மடக்குகிற பலகைதான் மேஜை. புத்தகத்துக்கும் அடுக்கு உண்டு.

ஆனால் இரண்டு கட்டுப்பாடு. ஒன்று, கட்டில் அந்த இடத்தை விட்டு நகராது. இரண்டு, அந்த அறை சாமான் போடுகிற இடமாக மாறக்கூடாது. மூட்டை முடிச்சுக்குச் சமையலறை மேலே 7 அடி உயரத்தில் பரண் இருக்கிறது. "வர்றோம்" என்று போன் வந்த பிறகு சைக்கிளையும் சாக்கையும் அப்புறப்படுத்தினால், வந்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், தங்களால் தொந்தரவு என்று. நாலாம் நாள் ஆடு கத்த ஆரம்பித்துவிடும்!

ஒரு ஆணியும் ஒரு அடுக்கும் அவர்களுக்கே என்று விட்டிருக்கிறேன். ஆணி தாத்தாவின் துண்டுக்கு. அடுக்கு அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டிக்கு.

முடிவாக...

இரண்டாவது பிளானையும் சுண்ணாம்புக் கோடு போட்டு அப்பத்தாவை நடக்கவிட்டோம். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டே நடந்தது. கழிவறைக் கோட்டில் கால் வைத்ததும் கண்ணைத் திறந்து, "அட, வந்துட்டேனா!" என்று சிரித்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. குச்சியை எடுத்து அந்த நடையின் நாலு மூலையிலும் அடித்தார்.

இப்போது பேஸ்மட்டம் முடிந்து நிலை வைத்திருக்கிறோம். பணம் கிடைக்கக் கிடைக்க வேலை நடக்கிறது.

நண்பர்களே, நாளைக்கு நாம் எத்தனையோ வீட்டுக்குப் பிளான் போடப்போகிறோம். மார்க் போடுகிறவர் தாளைப் பார்ப்பார். குடியிருக்கப் போகிறவர் தரையில் நடப்பார். இந்த லீவில் ஊருக்குப் போனால் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் படுக்கிற இடத்திலிருந்து கழிவறை வரை எத்தனை அடி, எத்தனை படி, நடுவில் யார் படுத்திருக்கிறார்கள் என்று அளந்து ஒரு படம் போடுங்கள். அப்படியே, ராத்திரி தண்ணீர் குடிக்கிறார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.