சின்னத் தாத்தாவைத் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய முதல் அத்தியாயத்தைப் படித்தேன். 1971 போரில் கடற்படை விமானத்தோடு போன உன் சின்னத் தாத்தா, இரண்டாம் பத்தியிலேயே தேசிங்கு ராஜா ஆகிவிட்டார். செஞ்சிக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் லேசில் விடாது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட இளைஞனை இன்னும் குதிரையேற்றி அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறோம்? கூத்துக்கு அது சரி. நீ எழுதுவது வரலாறு.

முதலில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று பார். கடற்படை விமானப் பிரிவில் எல்லோரும் விமானம் ஓட்டவில்லை. என்ஜின் பார்த்தவர், குண்டு பூட்டியவர், ரேடாரில் உட்கார்ந்தவர் எனப் பலர் உண்டு. சின்னப் பாட்டியின் பென்ஷன் தாளில் அவருடைய பணி எண் இருக்கும். அதைப் போட்டு, பாட்டியின் கையெழுத்தோடு, மும்பை மான்கூர்டு சீட்டா கேம்ப்பில் உள்ள மாலுமிகள் ஆவண அலுவலகத்துக்கு எழுது. விழுப்புரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தோடு நின்றுவிடாதே. அந்த மாவட்டம் பிறந்ததே 1993இல்தான். 1971இல் செஞ்சி தென்னாற்காடு, தலைநகர் கடலூர். பழைய தாள் ஏதாவது இருந்தால் அங்கேதான் தேட வேண்டும்.

அப்புறம் திதி. வீட்டில் அவருக்கு எந்தத் திதியில் படைக்கிறார்கள் என்று கேள். விரோதிகிருது வருஷப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஆங்கிலத் தேதியைப் பிடித்துவிடலாம். அது இறந்த நாளா, தந்தி வந்த நாளா என்று ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார். திதியே இல்லாமல் அமாவாசைக்கு அமாவாசை படைக்கிறார்கள் என்றால் அதையும் குறித்துக்கொள். உடல் வராத வீடுகளில் அப்படி நடப்பதுண்டு.

அந்தப் போரில் பாகிஸ்தான் விமானம் சுட்டு நம் கடற்படை இழந்தது ஒரு அலிஸே விமானம். டிசம்பர் 10 அன்று, நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கிய மறுநாள், மேற்குக் கடலில் எப்-104 போர்விமானம் அதை வீழ்த்தியது. அதில் இருந்தவர்கள் அசோக் ராய், சிரோஹி, விஜயன் என மூன்று பேர். மூவரும் திரும்பவில்லை. உன் தாத்தா பெயர் அதில் இல்லை. ஆகவே ‘விமானத்தோடு கடலில் விழுந்தார்’ என்ற வரியை ஆவணம் வரும்வரை எடுத்துவிடு. குக்ரியில் உயிர்விட்ட 194 பேரின் பட்டியலையும் பார். விமானப் பிரிவில் வேலை பார்த்தவர் கப்பலுக்கு மாற்றலாகிப் போயிருந்தால், வீட்டுப் பேச்சில் இரண்டும் ஒன்றாகியிருக்கலாம். டெல்லி தேசியப் போர் நினைவகக் கருங்கல்லிலும் தேடு. அப்பா பெயரை முன்னால் போட்டும் பின்னால் போட்டும் பார். நம் இனிஷியல் வடக்கே போனால் இடம் மாறிவிடும்.

அவர் எண்ணெய்க் கையோடு டெக்கில் நின்ற மெக்கானிக்காகவே இருந்திருந்தால்தான் என்ன? எனக்கு அந்த ஆளைப் பற்றிப் படிக்கத்தான் ஆசை. பாட்டியிடம் மட்டும் “நீங்க சொன்னது தப்பு” என்று போய் நிற்காதே. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, ஆவணம் சொல்வதைப் பக்கத்தில் வை.

கடலூர் போகும்போது சொல். அங்கே பழைய ஆட்கள் இரண்டு பேரைத் தெரியும்.

அன்புடன்,
அண்ணன்