பொருளோடு குறிப்பும் வேண்டும்

தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழாய்வு செய்தார். கிடைத்த இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருள்களும் 1851-இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றை விவரிக்கும் அவரது பட்டியல் 1915-இல் அச்சாயிற்று. அந்தக் குறிப்புகளால்தான் அப்பொருள்கள் இன்றும் நமக்கு வரலாறு சொல்கின்றன.

நம் கோட்டையூர் வீட்டுப் பித்தளைத் தூக்கு காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போகும்போது எந்தக் குறிப்பும் உடன் போவதில்லை. விற்றதும் அதன் கதை அறுந்துவிடுகிறது.

செயல்பாடு (6-ஆம் வகுப்பு): மாணவர் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றை வரையட்டும். அதன் பெயர், எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது, யார் புழங்கியது என்பவற்றை அப்பத்தாவிடமோ ஆயாவிடமோ கேட்டு எழுதட்டும். விடை கிடைக்காத இடத்தில் ‘தெரியவில்லை’ என்றே எழுதச் செய்யுங்கள். ஊகித்து நிரப்புவது வரலாறு ஆகாது.