‘ஆல்தோ’வுக்குப் பின்னே ‘பட்’ வரலாமா?

பத்தாம் வகுப்பு மாணவி, அபிஷேகப்பாக்கம்



ஐப்பசி மாதம் நடந்த ஆங்கிலத் தேர்வில் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் ஒரே வாக்கியத்தில் தவறினோம். ‘மழை பெய்தாலும் அவள் பள்ளிக்கு வந்தாள்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் எழுதியது: ‘ஆல்தோ இட் ரெயின்ட், பட் ஷி கேம் டு ஸ்கூல்.’ விடைத்தாள் திரும்பி வந்தபோது ‘பட்’ மேல் சிவப்புக் கோடு. அபிஷேகப்பாக்கத்திலிருந்து பாவாடை நுனி நனைய வந்து தேர்வு எழுதிய எங்களுக்கு, மழையைப் பற்றிய வாக்கியத்திலேயே மதிப்பெண் போனது வருத்தமாக இருந்தது. ஏன் தவறு என்று டீச்சரிடம் கேட்டும், எங்களுக்குள் பேசியும் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

‘ஆல்தோ’, ‘பட்’ இரண்டுமே முரணான இரு செய்திகளைக் கட்டும் முடிச்சுகள். ‘பட்’ இரு பகுதிகளையும் சமமாக நிறுத்தும். அது காம்பவுண்ட் வாக்கியம். ‘ஆல்தோ’ தான் நிற்கும் பகுதியை மற்றதற்குத் துணையாக்கிவிடும். அது காம்ப்ளெக்ஸ் வாக்கியம். ஒரே பகுதி சமமாகவும் துணையாகவும் இருக்க முடியாதல்லவா? ஆகவே ஒரு முடிச்சு போதும்.

இது தெரிந்திருந்தும் கை ஏன் தானாக ‘பட்’ எழுதுகிறது? எங்களுக்குத் தோன்றிய காரணம் இது. தமிழில் ‘பெய்தாலும்’ என்பதிலுள்ள ‘உம்’ முதற்பகுதியின் கடைசியில், அதாவது இரு பகுதிகளுக்கும் நடுவில் வருகிறது. ‘ஆல்தோ’வோ வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடுகிறது. நடுவிடத்துக்கு வரும்போது அங்கே ஒன்றுமில்லாமல் வெறிச்சென்று இருக்கிறது. தமிழ் கேட்டுப் பழகிய காது அங்கே ஒரு சொல்லைத் தேடுகிறது. ‘பட்’ ஓடி வந்து உட்கார்ந்துகொள்கிறது! அந்த இடத்தில் கமா மட்டும் போடவேண்டும். ‘ஷி கேம் டு ஸ்கூல் ஆல்தோ இட் ரெயின்ட்’ என்று திருப்பிப் போட்டால் பெரும்பாலும் கமாவும் வேண்டாம். (1611-ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் ‘தோ’ என்று தொடங்கி நடுவில் ‘யெட்’ வருவதைக் காணலாம். ‘யெட்’ வினையுரிச்சொல்லாகவும் வரும் என்பதால் அதற்கு இடமுண்டு. ‘பட்’டுக்கு அந்தச் சலுகை இல்லை.)

தமிழ் ‘ஆலும்’ இன்னொரு பள்ளத்தையும் வைத்திருக்கிறது. ‘மழை பெய்தாலும் வந்தாள்’ என்றால் மழை பெய்தது உண்மை. ‘மழை பெய்தாலும் வருவாள்’ என்றால் மழை இன்னும் பெய்யவில்லை, பெய்யாமலும் போகலாம். நமக்கு இரண்டுக்கும் ஒரே ‘பெய்தாலும்’தான். ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘ஈவன் தோ’, பின்னதற்கு ‘ஈவன் இஃப்’. மொழிபெயர்க்குமுன் ‘நடந்ததா, நடக்கலாமா?’ என்று கேட்டுக்கொண்டால் போதும்.

‘இன் ஸ்பைட் ஆஃப்’, ‘டெஸ்பைட்’ இரண்டுக்கும் பின்னே முழு வாக்கியம் வராது, பெயர்ச்சொல்தான் வரும்: ‘டெஸ்பைட் த ரெயின்.’ ‘டெஸ்பைட் ஆஃப்’ என்பது இல்லவே இல்லை.

இனி ‘வைல்’, ‘வேர்அஸ்’. இவை இரு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுபவை. எங்கள் ஊர்ப்பக்கம் இவற்றுக்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை. அபிஷேகப்பாக்கம் புதுச்சேரியில் இருக்கிறது, அடுத்த சிங்கிரிகுடியோ தமிழ்நாட்டில் இருக்கிறது. இங்கே ‘வேர்அஸ்’ சரி. ‘ஆல்தோ’ போட்டால், அடுத்தடுத்த ஊர்கள் ஒரே மாநிலத்தில்தான் இருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்த்தது போலாகும். இந்தப் பக்கத்து மக்கள் அப்படி எதிர்பார்ப்பதில்லை!

‘ஆல்தோ’வுக்கு ஏற்ற எடுத்துக்காட்டைச் சரித்திரப் பாடத்தில் கண்டோம். பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்கு அளிக்கும் ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்ததோ 1962 ஆகஸ்ட் 16-இல்தான். கையெழுத்தானால் விரைவில் நடைமுறைக்கு வரும் என்று யாரும் எதிர்பார்ப்போம். அந்த எதிர்பார்ப்பு பொய்த்ததை ‘ஆல்தோ’ சொல்கிறது. ஆனால் 1954 அக்டோபர் 18-இல் வில்லியனூரை அடுத்த கீழூரில் நடந்த வாக்கெடுப்பை எழுதும்போது கவனம் வேண்டும். வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். ‘வைல்’ போட்டால் இது வெறும் கணக்கு. ‘ஆல்தோ 170 பேர் ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள்’ என்றால், அந்த எண்மரும் செய்யக்கூடாததைச் செய்தார்கள் என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. சொன்னது யார்? நாம் அல்ல, ‘ஆல்தோ’!

இதை நாங்கள் உண்மையிலேயே உணர்ந்தது வேறொரு நாளில். டீச்சர் கரும்பலகையில் ‘ஷி இஸ் புவர், பட் ஷி இஸ் ஆனஸ்ட்’ என்று எழுதி, ‘தோ’ போட்டு மாற்றச் சொன்னார். இலக்கண நோட்டுகளில் வெகுகாலமாக இருந்துவரும் வாக்கியம் அது. நாங்களும் மளமளவென்று எழுதினோம். பின்வரிசையிலிருந்து ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். அவள் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர்.

“டீச்சர், ஏழைன்னா நேர்மையா இருக்க மாட்டாங்கன்னு அர்த்தமா?”

வகுப்பு அமைதியானது. நாங்கள் எழுதியதை மறுபடி படித்தோம். முரண் எங்கே இருக்கிறது? ஏழ்மைக்கும் நேர்மைக்கும் இடையில் ஒரு முரணும் இல்லை. ‘பட்’ போட்டதனால் நாமே ஒன்றை உண்டாக்கிவிட்டோம். எங்களில் பலருடைய அம்மாக்களும் அந்த வாக்கியத்துக்குள் இருந்தார்கள், நாங்கள் கவனிக்கவேயில்லை.

டீச்சர் சிறிது நேரம் பலகையையே பார்த்தார். பிறகு டஸ்டரால் அழித்துவிட்டு, “நல்ல கேள்வி கேட்டாய். எல்லாரும் வேறு வாக்கியம் சொல்லுங்கள், முரண் உண்மையாக இருக்கவேண்டும்” என்றார். கேட்டவளே முதலில் சொன்னாள்: ‘தோ ஷி வாஸ் ஹங்க்ரி, ஷி கேவ் ஹெர் லஞ்ச் டு ஹெர் சிஸ்டர்.’ பசித்தவள் உண்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயந்தானே? அவள் உண்ணவில்லை. இதில் யாருக்கும் இழிவில்லை.

அதன்பின் எங்கள் நோட்டுகளையே துருவினோம். ‘தோ ஷி இஸ் எ கேர்ல், ஷி ரைட்ஸ் எ சைக்கிள்’ என்று, பெண்களாகிய நாங்களே எழுதி வைத்திருந்தோம்! அதை ‘எதிர்காற்று அடித்தபோதிலும் அவள் தவளக்குப்பம் வரை சைக்கிள் மிதித்தாள்’ என்று திருத்தினோம். காற்று கோபித்துக்கொள்ளாது.

‘பட்’டைப் பற்றி இன்னும் ஒன்று. அதற்குப் பின்னே வருவதே காதில் நிற்கும். சென்ற முறை எங்களில் ஒருத்தியின் ரிப்போர்ட் அட்டையில் ‘ஒர்க்ஸ் ஹார்ட், பட் டாக்ஸ் டூ மச்’ என்று எழுதியிருந்தது. அவள் அப்பா கையெழுத்துப் போடுமுன் அவளிடம் கேட்டது பேச்சைப் பற்றி மட்டுமே. அதையே ‘டாக்ஸ் டூ மச், பட் ஒர்க்ஸ் ஹார்ட்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். செய்தி அதேதான், ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. அடுத்த முறை இப்படி எழுதும்படி டீச்சரைக் கேட்பதாக அவள் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு பேசுகிறவள், இதை மட்டும் இன்னும் கேட்கவில்லை.