மறுதொடக்கத்திற்குப் பின்னும் நிலைக்கும் ஒப்புதல்

ரேமில் உள்ளவை மின்சாரம் நின்றதும் அழியும். வன்தட்டில் எழுதியவை நிலைக்கும் எனக் கற்பிக்கிறோம். இதனை விளக்க நல்ல எடுத்துக்காட்டு, சர்வர்களைக் கண்காணிக்கும் 'நாகியோஸ்' மென்பொருள்.

சர்வர் பழுதானால் நாகியோஸ் பொறுப்பாளருக்கு எச்சரிக்கை அனுப்பும். 'பார்த்துவிட்டேன்' என்று அவர் ஒப்புதல் பதிந்தால், அதே பழுதுக்கான தொடர் எச்சரிக்கைகள் நிற்கும். மென்பொருளை மறுதொடக்கம் செய்கையில் ஒப்புதல் அழிந்தால், தெரிந்த பழுதுக்கே மீண்டும் எச்சரிக்கைகள் வரும். அவற்றின் நடுவே புதிய பழுது ஒன்று கவனிக்கப்படாமல் போகலாம்.

இதைத் தவிர்க்க, அமைப்புக் கோப்பில் 'ரீடெய்ன் ஸ்டேட் இன்ஃபர்மேஷன்' என்பதன் மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். அப்போது நாகியோஸ், நிற்கும் முன் நிலைத்தகவல்களைக் கோப்பில் எழுதிவைத்து, தொடங்கும்போது படித்துக்கொள்ளும். திடீர் மின்தடையில் எழுத நேரமிருக்காது. ஆகவே குறித்த இடைவெளியிலும் (எ.கா. 60 நிமிடம்) சேமிக்கச் செய்யலாம்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரு மாணவர் நாகியோஸ், கரும்பலகை ரேம், குறிப்பேடு வன்தட்டு. ஒப்புதல்களைக் கரும்பலகையில் எழுதி, இடைவெளிதோறும் குறிப்பேட்டில் பதியட்டும். 'மின்தடை' என்றதும் பலகையை அழித்துவிட்டு, குறிப்பேட்டைப் பார்த்து மீண்டும் எழுதட்டும்.

பின்னர் இக்கணக்கைத் தரலாம்: கடைசிச் சேமிப்பு 10.00 மணி; ஒப்புதல் 10.40; மின்தடை 10.50. இடைவெளி 60 அல்லது 30 நிமிடம் எனில் ஒப்புதல் இழக்கப்படும். 15 நிமிடம் எனில் 10.45 சேமிப்பில் தப்பும். அப்படியானால் நொடிக்கொரு முறை சேமித்தால் என்ன? வன்தட்டின் வேலைப்பளுவைக் கருதி மாணவர்கள் விவாதிக்கட்டும்.