ஈறில் கசியும் ரத்தம்

அன்புள்ள கயல்விழிக்கு,

பல் துலக்கித் துப்பும்போது ரத்தம் கலந்து வந்தால், உடம்புச் சூடு என்றோ வைட்டமின் குறைவு என்றோ சொல்லி விட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். மாதவிலக்கு தள்ளிப்போவதற்கும் அதற்கும் தொடர்பிருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. பிசிஓடி என்று நாம் சொல்லும் சினைப்பைக் கோளாறு, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. பெரும்பாலோர் அதை அறியாமலே இருக்கிறார்கள். உனக்கோ உன் தோழிக்கோ அது இருந்தால், பல் மருத்துவரிடமும் சொல்லியாக வேண்டும் என்கிறேன்.

ஈறின் திசுக்களில் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் உணரும் ஏற்பிகள் உண்டு. அதனால் இந்த ஹார்மோன்கள் ஏறி இறங்கும்போது ஈறும் மாறுகிறது. இதற்குத் தெளிவான சாட்சி கர்ப்ப காலம். பல் மருத்துவ ஆய்வாளர்கள் ஹாரல்ட் லோவும் சில்னஸும் 1963-ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பிணிகளின் ஈறு அழற்சி இரண்டாம் மாதத்திலிருந்து கூடி எட்டாம் மாதத்தில் உச்சம் தொட்டது, பிறகு தணிந்தது. அதே லோ 1965-ல் வெளியிட்ட இன்னொரு சோதனையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பல் துலக்குவதை நிறுத்திய 12 பேருக்கும் மூன்று வாரத்துக்குள் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் போய்விட்டது. ஆக, நோயைத் தொடங்கிவைப்பது பல்லில் படியும் கிருமிப்படலம். அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பை மிகையாக்குவது ஹார்மோன். பிசிஓடியில் ஆண் ஹார்மோன் மிகுதியோடு, இன்சுலின் சரிவர வேலை செய்யாமையும் உடம்பெங்கும் மெல்லிய அழற்சியும் சேர்ந்துகொள்கின்றன. அங்கே கொஞ்சம் படலமே ஈறை வீங்கவைக்கப் போதுமானதாகிவிடலாம்.

உடல் பருமன்தான் காரணமாக இருக்கும், பிசிஓடியை ஏன் இழுக்க வேண்டும் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. பருமனும் ரத்தச் சர்க்கரையும் தனியாகவே ஈறைக் கெடுப்பவைதான். ஆனால் பருமன் இல்லாத பிசிஓடி பெண்களைத் துருக்கியில் பரிசோதித்து 2011-ல் வெளியிட்ட ஆய்விலும், ஒப்பிட எடுத்துக்கொண்ட பெண்களைவிட அவர்களின் ஈறு நிலை மோசமாகவே இருந்தது. சிறிய ஆய்வுதான், எது முந்தியது என்று அதை வைத்துச் சொல்லவும் முடியாது. எனவே, ஈறைச் சரிசெய்தால் மாதவிலக்கு சீராகிவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதே. ஈறு தேறினால் உடம்பின் மற்றக் கோளாறுகளும் தீரும் என்று சொல்லிவிட முடியாது: அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளிடம் நடந்து 2006-ல் வெளிவந்த ஈறு சிகிச்சைச் சோதனையில், சிகிச்சையால் ஈறு தேறியது, குறைப்பிரசவம் குறையவில்லை. ஈறை ஈறுக்காகவே கவனிக்கக் காரணம் இருக்கிறது. ஈறு அழற்சியை முழுக்கக் குணப்படுத்தலாம். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டால் அது தானாக வளராது.

இன்னொரு தயக்கமும் உண்டு, பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது. ஆட்டத்துக்குக் காரணம் முன்பே கரைந்துபோன எலும்பு. கெட்டிப்பட்ட காரை பற்களைச் சேர்த்துப் பிடித்திருந்ததால் அது தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மட்டும் துலக்காமல் விடுவதுதான் கேட்டைக் கூட்டும். மென்மையான பிரஷ்ஷால், ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் காலையும் இரவும் துலக்கு. இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் கசிவு நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் போ. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை அளந்து பார்க்கச் சொல். ஹார்மோன் மாத்திரை ஏதும் சாப்பிட்டால் அதன் சீட்டையும் கையோடு கொண்டுபோ.

அன்புடன்,
அத்தை