சிவப்பா இருந்தா ஏடிஎஃப் ஆயிடுமா?

போன செமஸ்டர் லீவில் முத்தையாபுரத்தில், திருச்செந்தூர் ரோட்டோரம் ஒரு லாரி பட்டறையில் பத்து நாள் நின்றேன். துறைமுகத்துக்கு உப்பும் கன்டெய்னரும் ஏற்றிப் போகிற வண்டிகள்தான் அங்கே அதிகம். ஒரு வண்டியில் பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைந்திருந்தது. "சிவப்பு ஆயில்தானண்ணே, அந்தக் கேனை எடுக்கவா?" என்றேன். மெக்கானிக் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "சர்பத்தும் செவப்பாத்தாம்ல இருக்கு, அத ஊத்திருவியா?"

நான் கைகாட்டியது கூலன்ட் கேன்!

சிவப்பு என்பது வெறும் சாயம். கீழே சொட்டினால் எஞ்சின் ஆயிலா, ஏடிஎஃப்பா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது ஸ்பெக்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இந்த ஆயிலுக்கு வேலை ஜாஸ்தி. டார்க் கன்வர்ட்டரில் சக்தியைக் கடத்தணும், வால்வுகளுக்கு அழுத்தம் தரணும், சூட்டை இழுக்கணும். இதெல்லாம் போக, ஆயிலில் ஊறிக் கிடக்கிற கிளட்ச் பிளேட்டுகள் குலுங்காமல் பிடிக்கணும். பிடித்த பிறகு வழுக்கவும் கூடாது. அதாவது உராய்வைக் குறைத்தால் போதாது, அளவாக வைத்திருக்கணும். ஒரு காலத்தில் இதற்காகத் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்த பிறகு வேறு ரசாயனம் தேட வேண்டியதாயிற்று.

ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் வந்த டெக்ஸ்ரான் 6, டெக்ஸ்ரான் 3-ஐ விட நீர்த்தது. அவர்கள் கியர்பாக்ஸில் 3-க்குப் பதில் 6 ஊற்றலாம். 6 கேட்கிற இடத்தில் 3 ஊற்றக் கூடாது. சிவிடி-க்கு இரண்டுமே ஆகாது. அங்கே ஸ்டீல் பெல்ட் புல்லியை இறுக்கிப் பிடிக்கணும், அதற்கு தனி ஆயில். 2014-ல் செலேரியோ கொண்டுவந்த ஏஎம்டி-யோ உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதற்கு கியர் ஆயில். பின்னால் 'ஆட்டோமேட்டிக்' என்று எழுதியிருக்கே என்று ஏடிஎஃப் வாங்கிடாதீங்க.

பவர் ஸ்டீயரிங்கில் கிளட்ச் இல்லை. பம்ப் தேயாமல், நுரை வராமல், சீல் கெடாமல் இருந்தால் சரி. அதனால்தான் பல லாரிகளில் ஏடிஎஃப்பையே ஊற்றச் சொல்கிறார்கள். ஹோண்டா மாதிரி சில கம்பெனிகள் தங்கள் ஆயிலைத்தான் கேட்கும். பிரேக் ஆயில் மட்டும் கூடவே கூடாது: அது கிளைக்கால், ஸ்டீயரிங் சீல்களைக் கெடுத்துவிடும். பிரேக்கில் ஏடிஎஃப் போனால் அங்குள்ள ரப்பர் ஊதி, பிரேக்கே பிடிக்காமல் போகலாம்.

தப்பா ஊத்திட்டீங்கன்னா ஸ்டார்ட் பண்ணாதீங்க. டேங்கில் இருக்கும்போதே சிரிஞ்சால் உறிஞ்சிடலாம். ஸ்டார்ட் பண்ணிட்டா பம்ப், ஹோஸ், ஸ்டீயரிங் பாக்ஸ் எல்லாத்தையும் கழற்றித்தான் கழுவணும்.